மூன்று சீட்டு

மார்ச் 4, செவ்வாய்
அகராதி அலுவலகத்தில் எட்டு மாதம் அடுத்தவர் எழுதியதைத் திருத்தியாயிற்று. இன்றுதான் எனக்கென்று ஒரு சொல் கொடுத்தார்கள். 'சில்லி' (silly) என்ற ஆங்கிலச் சொல். பழைய பதிப்பில் 'அறிவற்ற, மூடத்தனமான' என்று போட்டிருக்கிறது. யாரை இப்படி வைகிறார்கள்?

மார்ச் 5
மூலத்தைத் தேடினேன். ஆயிரம் வருடங்களுக்கு முன் அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் மகிழ்ச்சியானவர், பேறு பெற்றவர். பிறகு சூதுவாது அறியாதவர், பிறகு பாவப்பட்டவர் என்று இறங்கி இறங்கி இந்தக் கதிக்கு வந்திருக்கிறது. என்னால் உட்காரவே முடியவில்லை. 'அசட்டுத்தனமான' என்று எழுதிக்கொண்டு முதன்மை ஆசிரியரிடம் ஓடினேன்.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"இல்ல சார். முட்டாள்னா கோபம் வரும். அசடுன்னா வராது."

"அது உன் அபிப்பிராயம். சீட்டு எங்க?"

இங்கே அதுதான் சட்டம். யார், யாரிடம், எங்கே சொன்னார், கேட்டவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று காதால் கேட்டு எழுதிய மூன்று சீட்டு வேண்டும். செவ்வாய் வரை கெடு. இல்லையென்றால் பழைய பொருளே அச்சுக்குப் போகும்.

மார்ச் 7
இரண்டு சீட்டு! கொட்டுகிற மழையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிய கணவரைப் பக்கத்து வீட்டு அக்கா 'அசடு' என்று சொன்னது ஒன்று. பேருந்தில் ஒரு பெண் தன் தங்கையிடம் சொன்னது மற்றது. கேட்ட இருவரும் சிரித்தார்கள்.

மார்ச் 8
மூன்றாவது கிடைக்கவில்லை. என்னை அசடு என்று கூப்பிடச் சொல்லி வீட்டில் என் கணவரைக் கெஞ்சினேன். வாக்குமூலம் கொடுப்பதுபோல விறைப்பாகச் சொன்னார்.

மார்ச் 10
சீட்டைப் பார்த்ததும் ஆசிரியர் கண்டுபிடித்துவிட்டார். "கேட்டு வாங்கினது செல்லாதும்மா." போச்சு. எல்லாம் போச்சு. இந்த ஒரு சொல்லைக்கூட என்னால் - வேண்டாம், அழுகை வருகிறது.

மார்ச் 11
மதியம் ஆசிரியரின் மனைவி சாப்பாட்டுடன் வந்தார். "காலி டப்பாவைத் தூக்கிட்டு வந்திருக்கீங்களே, அசடு." அத்தனை பேர் முன்னால். அந்தக் கறார் மனிதர் காது சிவக்கச் சிரித்தார். நான் சீட்டை எடுத்து மூன்று கட்டங்களை நிரப்பி அவர் முன் வைத்தேன். கேட்டவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்ற கட்டம் மட்டும் காலி. பேனாவைத் திறந்து அவரே எழுதினார்: 'மகிழ்ந்தார்.'

மார்ச் 28
அச்சுப்படி வந்தது. 'அசட்டுத்தனமான.' கீழே, 'முதற்பொருள்: மகிழ்ச்சியான, பேறு பெற்ற.' அந்த ஒற்றைத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து கதவில் ஒட்டினேன். தள்ளி நின்று பார்த்தேன், கிட்டே போய்ப் பார்த்தேன்.

இவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அசடு, தலைகீழா ஒட்டியிருக்க" என்றார்.

உடனே சீட்டு எழுதினேன். கெடு முடிந்து பதினேழு நாள் ஆகிறது. இருக்கட்டும்.