மகள் வேடம்

ஜூன் 3
காலையில் எனக்கு நெஞ்சுவலி. மத்தியானம் புருஷன் கோமாவில். மருத்துவக் கல்லூரியில் பயிற்சி டாக்டர்களுக்கு நோயாளியாகவும் சொந்தக்காரராகவும் நடிக்கிற பிழைப்பு இப்படித்தான். ஒரு பையன் கெட்ட செய்தியை என் செருப்பைப் பார்த்தே சொன்னான். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

ஜூன் 5
மார்பில் இருக்கும் கட்டி புற்றுநோய்தான். இது நடிப்பில்லை. வகுப்பு நடத்தும் டாக்டரம்மாவிடம் மட்டும் சொன்னேன். ஆறு வருடச் சிநேகிதம். பரீட்சை முடியும்வரை மகளுக்குத் தெரியக்கூடாது, மாத்திரையைப் பொத்தான் டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறேன் என்றேன். "என்கிட்ட சொல்லிட்டீங்கல்ல, விடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜூன் 6
நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 17
புதுக் காட்சி. கதை எழுதுவது எப்போதும் டாக்டரம்மாதான். மறுபடி படித்தேன். மார்பில் புற்றுநோய், மகளிடம் சொல்லாதீர்கள் என்கிற தாய் — பொத்தான் டப்பாவைக்கூட விடவில்லை! எனக்கு மகள் வேடம். பயிற்சி டாக்டரிடமிருந்து உண்மையைக் கறக்க வேண்டும்.

வந்தவர்களிடமெல்லாம் கெஞ்சினேன். "எங்கம்மாவுக்கு என்ன? பெத்த பொண்ணுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியணும்?" எல்லாரும் உளறிவிட்டார்கள். கடைசியாக வந்த பெண் மட்டும் அசையவில்லை. "அவங்க சம்மதமில்லாம நான் சொல்ல முடியாதுங்க. அவங்ககிட்டயே கேளுங்க" என்றாள். டாக்டரம்மா கைதட்டினார். நோயாளியின் நம்பிக்கையைக் காப்பது பற்றி அரைமணி நேரம் பேசினார். என்ன நெஞ்சழுத்தம்!

வெளியே வந்ததும் டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"வயச மாத்திட்டேனே. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"பசங்க கத்துக்கிட்டாங்கல்ல?"

ஜூன் 18
சிநேகிதி என்று நம்பினேன், கழுத்தறுத்துவிட்டாள். இனி அந்தப் படி ஏறமாட்டேன்.

ஜூன் 21
நான் கெஞ்சியதே காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. மகளாக நின்று கேட்டபோது நிஜமாகவே கோபம் வந்ததே — யார்மேல்? டாக்டர்மேலா, அந்தத் தாய்மேலா? அடுப்பை அணைத்துவிட்டு மகளிடம் சொல்லிவிட்டேன். பரீட்சையாவது, ஒண்ணாவது.

அவள் அழவில்லை. "வேற யாருக்குத் தெரியும்?"

"டாக்டரம்மாவுக்கு."

"அவங்ககிட்ட சொல்லத் தோணிச்சு. அப்போ நான் யாரும்மா உனக்கு?"

அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைத்தேன்.

ஜூன் 24
ஆபரேஷன் தேதி கேட்க ஆஸ்பத்திரிக்கு மகளும் வந்தாள். பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். என் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. எதிர் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.