துரைசானி கற்றுத்தந்த பன்

10 ஜனவரி 2023, செவ்வாய்

டி.வி.க்காரர்கள் வந்து போய்விட்டார்கள். காலை எட்டு மணிக்கு வந்து, மத்தியானம் வரை கடையைப் புரட்டிப்போட்டார்கள். அப்பா 1974-ல் குன்னூரில் தொடங்கிய கடை. ரொட்டி, சீஸ், ஜாம், உப்பிட்ட பன்றி இறைச்சி என்று பங்களாக்காரர்களுக்கும் பட்டாளத்துக் குடும்பங்களுக்கும் வேண்டியதெல்லாம் இங்கே கிடைக்கும். எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆனால் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது வெங்காய பன்னைப் பற்றித்தான். “இது எப்படிம்மா வந்துச்சு?” என்றாள் மைக் பிடித்த பெண். அப்பா இருந்தவரை கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவந்ததையே நானும் சொன்னேன். எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரைசானி ஒருத்தி ஊரைவிட்டுப் போகும்போது அப்பாவுக்குக் கற்றுத்தந்ததாம். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

எங்கள் அடுப்படியில் வேலை பார்க்கும் காத்தாயி அக்கா புதுச்சேலையில் வந்திருந்தார். அவர் வெங்காயம் கிளறுவதையும் எடுத்தார்கள். கையை மட்டும்.

22 ஜனவரி, ஞாயிறு

ஒளிபரப்பானது. பதினொரு நிமிடம். நான் அழகாக இருக்கிறேனாம் – முத்துராஜ் சொல்கிறார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் முதல் தடவை.

23 ஜனவரி

அக்கா வேலைக்கு வரவில்லை.

25 ஜனவரி

இன்றும் இல்லை. போனையும் எடுக்கவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ? இல்லை. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஏன் இப்படி எழுதுகிறேன்?

28 ஜனவரி, சனி

கோயம்புத்தூர் கார்கள் வளைவு வரை நிற்கின்றன. எல்லோரும் துரைசானி பன் கேட்கிறார்கள். வெங்காயத்தை நானே கிளறினேன். முதல் சட்டி கரிந்துவிட்டது. இரண்டாவது வெறும் இனிப்பு. தின்றவர்கள் ஆஹா என்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

29 ஜனவரி, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். எஸ்டேட் தொழிலாளர் லைனில் மூன்றாவது வீடு; அக்கா லயம் என்பார். மகள் வனிதா கதவைத் திறந்தாள், வாங்க என்று சொல்லவில்லை. அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“நாப்பத்தெட்டு வருசமா லயத்துல சொல்லிக்கிட்டிருந்தேன், அது என் கைச்சமையல்னு. அன்னைக்கு எல்லாரையும் கூப்பிட்டு டி.வி. முன்னால ஒக்கார வச்சேன். இப்பத் தண்ணி புடிக்கப் போனா, துரைசானி வாராங்க, வழி விடுங்கன்னு சிரிக்கிறாளுக. என்னையப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே, பாப்பா.”

இதை இங்கேயாவது உள்ளபடி எழுதுகிறேன். துரைசானி என்று யாரும் இல்லை. இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, எங்கள் கடையில் தட்டு கழுவச் சேர்ந்தவர் காத்தாயி அக்கா. மத்தியானத்துக்கு ரொட்டியோடு அவர் கொண்டுவந்த சீனிச் சம்பலை அப்பா ருசி பார்த்தார். மாசிக்கருவாடு கிடைக்காமல் வேறு கருவாட்டுத் தூள் போட்டு, சீனி சேர்த்து அவர் கிளறிய வெங்காயம். அடுத்த வாரமே அது பன்னுக்குள் ஏறிவிட்டது. “லைன் பொம்பள செஞ்சதுன்னு சொன்னா பங்களாவுல வாங்க மாட்டாங்க” என்றார் அப்பா. அவர் கட்டிய துரைசானிக் கதையை அக்காவும் அடுப்படியில் நின்று கேட்டுச் சிரித்துக்கொள்வார்.

அப்பாவுக்கு அது வியாபாரம். எனக்கு என்ன வந்தது? என்ன கேடு வந்தது எனக்கு?

2 பிப்ரவரி

டி.வி. பெண்ணுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். சிரித்தாள். “அந்தக் கதைதான் மேடம் நல்லா போகுது, விட்டுடுங்க.”

முத்துராஜும் அதையேதான் சொல்கிறார். “இப்பத்தான் கடை நிமிருது. நீயே மண்ணள்ளிப் போட்டுக்காத புள்ள.”

5 பிப்ரவரி, ஞாயிறு

லைன் குழாயடியில், குடத்தோடு எல்லோரும் நிற்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். “டி.வி.ல நான் சொன்னது பொய்ங்க. அந்த பன் காத்தாயி அக்காவோடது. அவங்க கொண்டாந்தது, அவங்க செஞ்சது” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது.

அக்கா வாசலில் நின்று கேட்டார். காலில் விழக்கூடத் தயாராக இருந்தேன். “சரிங்க கடைக்காரம்மா. சொல்லிட்டீங்க” என்று உள்ளே போய்விட்டார். பாப்பா என்று கூப்பிடவில்லை.

6 பிப்ரவரி

வெங்காய பன்னை நிறுத்திவிட்டேன்.

19 மார்ச்

வனிதா வீட்டிலேயே பன் போட்டு விற்கிறாளாம். அக்காதான் கிளறுகிறாராம். ரொட்டி வாங்க வந்த செலஸ்டின் டீச்சர் சொன்னார்கள்.

21 மே, ஞாயிறு

சீசன். மூன்று வேன்களில் வந்தவர்கள் துரைசானி பன் கேட்டார்கள். “அது இங்க இல்லீங்க. கீழ லைன்ல மூணாவது ஊடு. காத்தாயி அக்கான்னு கேளுங்க” என்றேன். முத்துராஜ் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்து வந்த காருக்கு அவரே வழி சொன்னார்.

சாயங்காலம் நானும் போய் வரிசையில் நின்றேன். வனிதா இரண்டு பன்னைக் காகிதத்தில் சுற்றித் தந்து, காசு வேண்டாம் என்றாள்.

அக்கா சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வாங்கு வனிதா. எல்லார்கிட்டயும் வாங்குறோமில்ல.”

கொடுத்தேன்.