துண்டில் பிழிந்த பனி

இன்று காலை, கொடியில் மறந்துபோய் விட்டிருந்த துண்டை எடுத்தேன். கனத்தது. என் கை என்னைக் கேட்காமலே அதை முறுக்கிப் பிழிந்தது. "இந்தா பாரு, இந்த வருஷம் பனி ஜாஸ்தி" என்று வீட்டுக்குள் திரும்பிச் சொல்லியும் விட்டேன். சொன்ன பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. கொடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

மார்கழி பிறந்துவிட்டது. கடைத்தெருவில் பார்ப்பவர்கள் எல்லாம் "மச்சான், இந்த வருஷம் குளிர் எப்படி?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கீரப்பாளையத்தில் எனக்குப் பனி பார்த்துச் சொல்பவன் என்று பெயர். அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவோம். பிறகு தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் விடிகாலைப் பனியையும் குடித்தே அது வளர வேண்டும். அதனால்தான் சாயங்காலம் வரப்பில் துண்டை விரித்துவைத்து, காலையில் போய் டம்ளரில் பிழிந்து பார்ப்பேன். நீ கிண்டல் செய்வாய். "ஊரே குளிருக்குப் பயந்து கெடக்குது, எம் புருஷன் மட்டும் இன்னும் வேணும்ங்கிறாரு. மொதல்ல ஜன்னல சாத்துங்க மாமா."

உனக்குக் குளிர் ஆகாது. மூச்சு இழுக்கும். கல்யாணமான முதல் தையிலேயே அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வருடா வருடம் பனி கேட்டுச் சாமி கும்பிட்டவன் நான்.

போன மார்கழியில் 'தானே' என்று பெயர் வைத்த புயல் வந்து நெல்லைச் சாய்த்துவிட்டுப் போனது. தை பிறந்தும் நம் தெருவுக்குக் கரண்ட் வரவில்லை. நீ மருந்துப் புகை இழுக்கும் மிஷின் மூலையில் சும்மா கிடந்தது. படுத்த நெல்லின் மேலேயே உளுந்தைத் தெளித்தேன். அந்த வருடச் சோறு அதில்தான் என்று ஆகிவிட்டது. பேட்டரி ரேடியோவில், வறண்ட வானிலை, அதிகாலையில் பனிமூட்டம் என்றார்கள். நான் தொடையைத் தட்டிச் சிரித்தேன். நீ போர்வையை இழுத்துக்கொண்டாய்.

சிதம்பரத்திலிருந்து உன் அக்கா நேரிலேயே வந்தாள். "எங்க தெருவுல கரண்டு வந்துடுச்சி. மிஷினோட அவள என்கூட அனுப்புங்க."

"நாலு நாள் பொறுங்க. அறுப்புக்கு ஆளு வருது. முடிஞ்சதும் நானே கொண்டாந்து வுடுறேன்" என்றேன்.

"ஆளுங்களுக்கு யாரு அக்கா சோறாக்குறது? நாலு நாள்தான, வந்துடுறேன்" என்றாய் நீயும். என் முகத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னாய். எனக்கு அது புரிந்தது. புரியாத மாதிரி இருந்துவிட்டேன். என்ன மனுஷன் நான்!

மூன்றாம் நாள் விடியும்போது வயலில் இருந்தேன். அன்றுதான் துண்டைப் பிழிந்ததில் டம்ளர் நிறைந்தது. உன்னிடம் சொல்ல ஓடிவந்தேன். நீ கதவு நிலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாய். உதடு கறுத்திருந்தது.

ஆட்டோ சிதம்பரம் ரோட்டில் ஊர்ந்தது. எதிரே ஒன்றும் தெரியவில்லை. "வேகமாப் போப்பா" என்று கத்தினேன். "ரோடே தெரியலண்ணே, நான் என்னா பண்ணட்டும்" என்று டிரைவர் அழாத குறையாகச் சொன்னான். நான் கேட்டு வாங்கிய பனி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. என் தோளில் கிடந்த துண்டை நீ தொட்டுப் பார்த்தாய்.

"நல்லா நனைஞ்சிருக்கு மாமா" என்றாய். அதற்குப் பிறகு நீ பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது உன் கை துண்டின்மேல்தான் இருந்தது. பிடி இல்லை.

உளுந்து அந்த வருடம் நன்றாகக் காய்த்தது. அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

தையில் மறுபடி தெளித்தாக வேண்டும். எனக்கு வேறு தொழில் தெரியாது. பனி வேண்டாம் என்றால் பயிர் போய்விடும். வேண்டும் என்று கேட்க வாய் வரமாட்டேன் என்கிறது. நான் என்ன செய்யட்டும், நீயே சொல். ரேடியோவில் நாளை பனிமூட்டம் என்று சொன்னால், எழுந்துபோய் நீ படுக்கும் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வருகிறேன்.