கூடவே சொல்லும் பிள்ளைகள்

செவ்வாய், இரவு.

ஒன்றாம் வகுப்பில் இன்று 'என் வீடு' பாடம். எல்லாம் எஸ்டேட் வேலைக்கு வந்த வடநாட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள். வீட்டில் தமிழ் கிடையாது. நான் எதைச் சொன்னாலும் கூடவே சத்தமாகச் சொல்லப் பழக்கியிருக்கிறேன். இல்லாவிட்டால் கவனம் ஜன்னலுக்கு வெளியே மூடுபனிக்குப் போய்விடும்.

கரும்பலகையில் ஒரு வீடு வரைந்து, "ஊட்டுல யாரெல்லாம் இருக்காங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். அம்மா, தம்பி, கோழி என்று பதில் வந்தது. பள்ளி திறந்த நாளிலிருந்து வாயே திறக்காத பூஜா எழுந்து நின்றாள்.

"டீச்சர் ஊட்டுல யாரெல்லாம் இருக்காங்க?"

அவள் பேசிவிட்ட சந்தோஷத்தில், "யாருமில்ல, கண்ணு" என்று சொல்லிவிட்டேன்.

வகுப்பு முழுவதும் ராகம் போட்டுச் சொன்னது: "யாருமில்ல, கண்ணு."

உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. "வெரி குட்" என்றேன். அதையும் சொன்னார்கள்.