நான்காம் கிணறு

ராஸ் அல் கைமா,
19.3.1977

அன்புள்ள சேதுமாதவனுக்கு,

வெங்கட்ராமன் எழுதுகிறேன். நீயும் ஜலஜாவும் திருச்சி போய்ச் சேர்ந்த தந்தி கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? ராதாவுக்கு இது ஆறாவது மாதம். வாந்தி நின்றுவிட்டது, பசிதான் இல்லை.

ஜனவரியில், நம் வீடுகளுக்கும் சிமெண்ட் கேம்ப்புக்கும் போகிற நான்காம் கிணற்றுத் தண்ணீரில் மருந்து விட்டதும் சோதனைக் குழாய் ஊதாவாக மாறியதை நீயும் என் பக்கத்தில் நின்று பார்த்தாய். முலாம் பூசும் தொழிற்சாலையின் கழிவு மணலில் இறங்கியிருக்கிறது, இது குரோமியம்தான், குடித்தால் விஷம் என்று முதலில் சொன்னதே நீ. மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் அதே நிறம். என் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, டைரக்டரிடம் நானே கொடுக்கிறேன், பத்து நாளில் கிணற்றை மூடிவிடுவார்கள், அதுவரை யாரிடமும் சொல்லாதே என்றாய். காலேஜில் ஒரே ரூமில் இருந்தவர்கள் நாம். முனிசிபாலிட்டி லேபில் இந்த வேலையே நீ வாங்கித் தந்தது. ராதாவிடம்கூட நான் வாய் திறக்கவில்லை.

பிப்ரவரியில் சிமெண்ட் கேம்ப்பிலிருந்து ராமநாதபுரத்து அழகுமலை ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தான். ரூமில் பன்னிரண்டு பேர் சார், ஒருத்தனுக்கும் வயிறு சரியில்லை, தண்ணீர்தானா என்று கேட்டான். உன்னைக் கேட்டேன். கிணற்றை மூடியாயிற்று, இப்போது வருவது வேறு தண்ணீர் என்றாய். பாட்டிலைச் சோதிக்காமலே, பயப்படாமல் குடியுங்கள் என்று அவனை அனுப்பினேன்.

போன திங்கட்கிழமை ஆபீஸ் கிளார்க் முகம்மது சித்தீக் கிணற்று ஃபைலை என் மேஜைக்குக் கொண்டுவந்தார். அதில் ‘குரோமியம் இல்லை’ என்று ஒரு ரிப்போர்ட். கீழே என் கையெழுத்து. தங்கை கல்யாணத்துக்கு நான் ஊர் போனபோது, வேலை நிற்கக் கூடாது என்று நீ கேட்டு நான் கையெழுத்திட்டுக் கொடுத்த வெறும் தாள்களில் ஒன்று அது. கிணறு ஒரு நாளும் மூடப்படவில்லை.

சித்தீக் பாய் ஒன்றும் அறியாமல் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். ஜனவரியிலிருந்து உன் வீட்டுக்கு மட்டும் மலைப்பக்கத்துக் கிணற்றிலிருந்து வாரம் ஒரு டேங்கர் வந்திருக்கிறது. லீவு முடிந்து நீ லேபுக்குத் திரும்பப்போவதில்லை, அந்த முலாம் தொழிற்சாலையில் சேரப்போகிறாய்.

அன்றே புதிதாகத் தண்ணீர் எடுத்தேன். ஜனவரியைவிட நிறம் அடர்த்தியாக இருந்தது. டைரக்டர், சேதுமாதவன் வரட்டும், பார்க்கலாம் என்றார். நான் காத்திருக்கவில்லை. நேரே கேம்ப்புக்குப் போய், குடிக்காதீர்கள், அன்று நான் சொன்னது தப்பு என்றேன். மறுநாள் காலை ஒருவரும் டியூட்டிக்குப் போகவில்லை. மத்தியானத்துக்குள் வால்வை மூடி, டேங்கர் அனுப்பினார்கள்.

எனக்கு வேலை நீக்க உத்தரவு வந்துவிட்டது. பொய் ரிப்போர்ட் கொடுத்தேன் என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருக்கிறார்கள். அழகுமலை வந்து, இது உங்கள் கையெழுத்தா சார் என்று கேட்டான். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? அவன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. சரி சார் என்று போய்விட்டான்.

ராதாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. ஒரு கையை அடிவயிற்றில் வைத்தபடி, பானைத் தண்ணீரை வாசலில் கொட்டினாள். போன மாதம் உங்கள் வீட்டுக் காபி மட்டும் எப்படி இவ்வளவு ருசி என்று அவள் கேட்டதற்கு, பொடி திருச்சியிலிருந்து வந்தது என்றாளாம் ஜலஜா. அதைச் சொல்லிவிட்டு, ஜலஜா அக்காவுக்குத் தெரியுமா என்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

அந்த ரிப்போர்ட்டை நான் எழுதவில்லை என்று டைரக்டருக்கு இரண்டு வரி எழுதிப் போடு. வேலைக்காகக் கேட்கவில்லை, அது போய்விட்டது. கேம்ப் ஆட்கள் என்னைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ராதாவுக்கும் தனியாக ஒரு கடிதம் எழுது. ஜலஜாவுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுது. உண்மை எப்படி இருந்தாலும் அப்படியே எழுது சேது. பிரசவம் வரைக்குமாவது அவள் அதை நம்பட்டும்.

இப்படிக்கு,
வெங்கட்ராமன்