சுடர் அசையாத வீடு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீ நலமா என்று கேட்டு, நாங்களும் நலம் என்று சொல்லித்தான் தொடங்கவேண்டும். முதல் பாதியைக் கேட்டுவிட்டேன். இரண்டாவதைச் சொல்ல மனசு வரவில்லை.

மருந்துக்கடைக்காரர் போனிலிருந்து உன் அலுவலகத்துக்கு மூன்று தடவை பேசினேன். நீ தொலைநோக்கியோடு மலை உச்சியில் இருக்கிறாய், அங்கே சிக்னல் கிடையாது என்றார்கள். அதனால்தான் அங்கே சாமான் ஏற்றிப்போகும் வேன் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பார்த்ததும் கிளம்பு. மிச்சத்தை வண்டியில் உட்கார்ந்து படி.

பதினேழாம் தேதி சாயங்காலம் வால்நட்சத்திரத்தின் வால் பூமியில் உரசுமாம், மூன்று நாள் இருட்டாம், காற்றெல்லாம் விஷமாம். இந்தப் புரளியை மறுத்து நீ ஒரு வீடியோ போட்டாயே, அதிலிருந்துதான் வினை. முதலில் பொய் என்று சொல், அப்புறம் எது பொய் என்று சொல் என உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நீ கேட்டால்தானே? புரளியை ஒரு எழுத்து விடாமல் செய்தி வாசிப்பதுபோல வாசிப்பாய், அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுப்பாய். எவனோ ஒரு படுபாவி, நீ கண்ணாடியைக் கழற்றுகிற இடத்தோடு வெட்டிவிட்டான். இப்போது ஊரெல்லாம் ஓடுவது அந்த ஒரு நிமிஷம்தான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

அப்பா அதைப் பார்த்து அழுதார். முழு வீடியோவையும் தேடிக் காட்டினேன். பையன் முதலில் சொன்னதுதான் நிஜம், பின்னால் சொன்னதை மேலதிகாரி மிரட்டிச் சொல்லவைத்திருப்பான், முகத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா என்கிறார். அவர் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்றே கால். வேலை போனாலும் போகட்டும் என்று என் பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டான் என்று மாடிவீட்டுக்காரரிடம் பெருமை வேறு. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணா.

நாற்பது வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். கேஸ் கசிகிற இடத்தைக் காதாலேயே கண்டுபிடிக்கிற மனுஷன் அரைகுறையாக ஒரு வேலை செய்வாரா? ஒரு வாரமாக வீட்டை அடைக்கிறார். ஜன்னல் சந்து, சுவிட்ச் போர்டு ஓட்டை, சாக்கடைக் குழாயின் வாய், எல்லாம் பசை வைத்து ஒட்டியாயிற்று. அப்புறம் மெழுகுவர்த்தியைக் கொளுத்திச் சுவர் ஓரமாகப் பிடித்துக்கொண்டே போகிறார். சுடர் அசைந்தால் அங்கே காற்று வருகிறது என்று அர்த்தம். நேற்று முன்னறை முழுக்கச் சுற்றினார். சுடர் வரைந்து வைத்ததுபோல நின்றது. அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். தெருவில் இன்னும் நாலு வீட்டை அவரே போய் அடைத்துக் கொடுத்திருக்கிறார்.

மூலையில் இரண்டு மூட்டை கரியும் ஒரு அடுப்பும் இருக்கின்றன. கரண்ட் இருக்காதாம், குளிருமாம், குழந்தைக்கு வெந்நீர் வேண்டுமாம். உன் தங்கை குழந்தைக்கு இன்னும் ஆறு மாசம்கூட முடியவில்லை. கரியை ஒளித்துவைத்தேன், வேறு வாங்கிவந்தார். நன்றாகக் கனிந்த கரியில் புகையே வராது, பயப்படாதே என்கிறார். புகை வராதுதான். மழை நாளில் தையல்கடைக் கதவைச் சாத்திக்கொண்டு, கரி இஸ்திரிப் பெட்டி பக்கத்திலேயே நான் சுருண்டு விழுந்தேனே, அன்றைக்கும் புகை இல்லை. ரவிக்கை வாங்க வந்தவள் கதவைத் திறந்ததால் பிழைத்தேன். அதைச் சொன்னால், நீ அன்றைக்குச் சாப்பிடவில்லை, அதனால் வந்த மயக்கம் என்கிறார்.

தங்கையைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போ என்பாய். அவள் வந்தால்தானே? அண்ணனே சொல்லியிருக்கிறான், இதற்குமேல் யார் சொல்லவேண்டும் என்கிறாள். அவர்களை உள்ளே விட்டுவிட்டு நான் மட்டும் எங்கே போவேன்? எல்லோர் போனையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

குளியலறை ஜன்னலுக்கு ரப்பர் ஓரம் வைத்துத் திரை தைக்கச் சொன்னார். கீழே ஒரு சாண் அளவு தைக்காமல் விட்டேன். இன்று காலை மெழுகுவர்த்தியோடு அங்கே வந்தார். சுடர் சாய்ந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார், திட்டவில்லை. உனக்குக் கண் மங்கிவிட்டது, பாவம், கடைசி நாள் நானே ஒட்டிவிடுகிறேன் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தப் புரளியின் கடைசி வரி ஞாபகம் இருக்கிறதா? யார் வந்து தட்டினாலும், பெற்ற பிள்ளையின் குரலிலேயே கூப்பிட்டாலும், கதவைத் திறக்காதீர்கள். அதையும் நீதான் வாசித்தாய், கணீரென்று. அப்பா அதைக் காகிதத்தில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார்.

அதனால் பதினேழாம் தேதி பொழுது சாய்வதற்குள் வந்துவிடு. நேரமாகிவிட்டால் தட்டிக்கொண்டு நிற்காதே, அம்மா என்று கூப்பிடாதே. கதவை உடைத்துக்கொண்டு வா.

வழியில் ஏதாவது சாப்பிட்டுக்கொள். நீ நூறு வயசு இருக்கவேண்டும். அந்தக் குழந்தையும்.

உன் அம்மா