அண்ணனை விடலாமா என்று கேட்டார்கள்

ஆனி 3, செவ்வாய்

காலையிலிருந்தே பேய்க்காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் பக்கத்து வீட்டு மாடியில். கல்யாண வீட்டு ஜாக்கெட் இன்னும் தைத்து முடியவில்லை.

மத்தியானம் மதுரைக் கோர்ட்டு வாசலிலிருந்து மதினி போன். அழுகையும் சிரிப்புமாக. "செல்வி, ஜெயிச்சிட்டோம்ட்டி!"

"அப்ப அண்ணன் வெளிய வாராவளா?"

"அது இன்னும் இல்ல."

அண்ணனை விட முடியாது என்று முன்பு ஜெயில் குழு சொன்னது செல்லாதாம். காரணம் இல்லாமல் மறுக்கக் கூடாதாம். மறுபடி விசாரித்து, காரணத்தோடு முடிவு சொல்லவேண்டுமாம். மறுபடியும் 'இல்லை' என்றே சொல்லலாமாம். பிறகு எதில் ஜெயித்தோம்? ஆயுள் கைதி பதினாலு வருஷம் கழித்தால் விடச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் விட்டாக வேண்டும் என்றில்லை. அதுவே எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சந்தோஷப்பட்டேனா? பட்டேன் போல. பிறகு சுவரில் இருக்கும் போட்டோ பக்கம் திரும்ப முடியவில்லை. வாய்க்கால் தண்ணீர் முறைக்கு வந்த சண்டை. மண்வெட்டியால் அடித்தது என் அண்ணன். செத்தது என் வீட்டுக்காரர்.

ஆனி 4, புதன்

சாரல். பால் வாங்க மறந்துவிட்டேன். மதினி நேரில் வந்தாள்.

"போன தடவ உங்க வீட்ல வேண்டாம்னு சொன்னதா வக்கீல் சொல்லுதாவ. நீயாட்டி சொன்ன?"

"எங்கிட்ட யாருமே கேக்கலையே, மதினி."

நம்பினாளோ என்னவோ.

சாயங்காலம் மகள் இசக்கி காலேஜ் விட்டு வந்ததும் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நாந்தாம்மா சொன்னேன். அவங்க விசாரிக்க வந்தப்ப நீ கடைக்குப் போயிருந்த."

"ஏன்ட்டி?"

"அவங்களும் ஏன்னு கேக்கல. நீயும் இப்பதான் கேக்க."

எழுந்து போய்விட்டாள். காது குத்தும்போது தாய்மாமன் மடியில் அழாமல் உட்கார்ந்த பிள்ளை.

ஆடி 12, திங்கள்

வெயில். நன்னடத்தை அலுவலர், ஒரு அம்மா, விசாரிக்க வந்தார்.

"கைதி உங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணன்."

"இறந்தவர்?"

"வீட்டுக்காரர்."

பேனா நின்றது. "அப்ப எந்தப் பக்கம்னு எழுத?"

தெரிந்தால் சொல்ல மாட்டேனா? "வரட்டும்மா. வயசாயிட்டு." வாயில் வந்தது அதுதான்.

கதவோரம் நின்ற இசக்கி முன்னால் வந்தாள். "நான் வேண்டாம்னுதான் சொல்லுதேன். காரணத்தையும் எழுதுங்க. அன்னைக்கு வயல்ல நானும் நின்னேன். அப்பா விழுந்த பெறவும் மாமா அடிச்சாவ."

அன்றைக்கு இவள் எதிர்வீட்டில் தூங்கினாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஒரே அடி என்றுதான் அண்ணன் என்னிடம் சொன்னது.

அலுவலர் இரண்டையும் எழுதிக்கொண்டு போனார். தண்ணீர் கொடுக்கக்கூட மறந்துவிட்டேன்.

புரட்டாசி 9, வியாழன்

புழுக்கம். அண்ணனை இன்று விடுகிறார்கள். குழு இந்தத் தடவை காரணம் சொல்லியிருக்கிறதாம்: நன்னடத்தை, வயது, இறந்தவரின் மனைவிக்கு ஆட்சேபணை இல்லை.

இல்லையா?

"பாளையங்கோட்டை ஜெயில் வாசலுக்கு வந்திருட்டி. உன்னயத்தான் மொதல்ல தேடுவாவ" என்று மதினி போன்.

இசக்கி தலை பின்னிக்கொண்டே சொன்னாள்: "போய்ப் பாரு. நான் தடுக்க மாட்டேன். இங்கன மட்டும் கூட்டிட்டு வராத."

சரி என்றேன். எதற்குச் சரி என்றேன், தெரியவில்லை. நல்ல சேலை கட்டித் தச்சநல்லூர் ஸ்டாப்பில் நின்றேன். பாளையங்கோட்டை பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது.